ஒரு பக்கெட் வெந்நீரின் வரலாறு

மின்சாரச் செலவு என்றதும் எல்லோரும் விளக்கு, ஃபேன், ஏசி என்றுதான் பேசுகிறோம். குளியலறைச் சுவரில் சத்தமில்லாமல் தொங்கிக் கொண்டிருக்கும் கீசரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் ஒரு சாதாரண வீட்டில் ஒரே நேரத்தில் அதிகக் கரண்ட் இழுக்கும் சாமான் எது என்று தேடினால், பெரும்பாலும் அதுதான் முதலில் நிற்கும். நம் பக்கத்து வீடுகளுக்கு வெந்நீர் எப்படி வந்தது, எங்கிருந்து வந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

"நம் பக்கம்" என்று நான் சொல்வது புதுவாயல் பக்கத்தை. சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 40 கி.மீ. வந்தால் புதுவாயல். இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் கவரைப்பேட்டை, அப்புறம் கும்மிடிப்பூண்டி சிப்காட். கிழக்கே திரும்பினால் பொன்னேரி, அதைத் தாண்டி அத்திப்பட்டு, எண்ணூர், கடல். தமிழ்நாட்டில் மின்சாரம் பிறக்கும் இடமும், அதிகமாகக் குடிக்கும் இடமும், அது போனால் முதலில் தவிக்கும் இடமும் இவ்வளவு நெருக்கமாக இருப்பது இங்கேதான் என்று எனக்குத் தோன்றும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குதான்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரி. 20 லிட்டர் பக்கெட்டில் 27 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 42 டிகிரிக்குக் கொண்டு வர 20 × 15 = 300 கிலோ கலோரி. 300-ஐ 860-ஆல் வகுத்தால் 0.35 யூனிட். 1,500 வாட் ராடு போட்டால் ஏறக்குறைய 14 நிமிடம்.

நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கெட் என்றால் நாளைக்கு 1.4 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 84 யூனிட். 2016 மே 23 முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு அறிவித்தது நினைவிருக்கும். அந்த நூறில் 84 வெந்நீருக்கே போய்விடும்! தொட்டிக்குள் தண்ணீரைச் சூடாக்கி வைத்து, குளிக்காமல் ஆறவிடும் கீசர் என்றால் இன்னும் கூடும்.

இப்போது வெளிநாட்டு மின்சார ஷவரைப் பாருங்கள். அதில் தொட்டி கிடையாது. குழாயில் வரும் தண்ணீர் தலையில் விழுவதற்குள் சூடாகிவிட வேண்டும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 8 டிகிரியில் வந்தால், அதை 40 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் என்று வைத்தாலும் ஏறக்குறைய 9 கிலோவாட் ஆகிறது. அதனால்தான் அங்கே விற்கும் ஷவர்கள் 7-லிருந்து 10.5 கிலோவாட் வரை இருக்கின்றன. அவற்றுக்கென்று மீட்டர் பெட்டியிலிருந்து தனிக் கேபிளே இழுக்கிறார்கள்.

நம் ஊர்த் தண்ணீர் இயற்கையாகவே வெதுவெதுப்பு. அதே 4 லிட்டரை 27-லிருந்து 39-க்கு ஏற்ற மூன்றரை கிலோவாட்டுக்குள் போதும். நம் கடைகளில் கிடைக்கும் 3 கிலோவாட் உடனடி ஹீட்டரின் கணக்கு இதுதான். இருந்தாலும் 3 கிலோவாட் என்பது 13 ஆம்பியர். சாதாரண பிளக்கில் செருகினால் கருகிவிடும். பவர் பிளக், தடித்த ஒயர், ஒழுங்கான எர்த் மூன்றும் வேண்டும். கிராமத்தில் டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசிக் கம்பத்து வீட்டில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால், அந்த 3 கிலோவாட் ஹீட்டர் 1.8 கிலோவாட்டுக்குக் குறைந்துவிடும். திறன் வோல்டேஜின் வர்க்கத்தில் குறைவதுதான் காரணம். தொட்டி உள்ள கீசர் பொறுமையாகச் சூடாக்கிக் கொள்ளும். ஷவருக்கு அந்தப் பொறுமை கிடையாது, பச்சைத் தண்ணீராகத்தான் ஊற்றும். நம் ஊர்களில் தொட்டி கீசரும் ராடும் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

விறகு போன பாதை

மின்சாரம் வருவதற்கு முன்னால் வெந்நீர் என்றால் கொல்லைப்புறத்தில் மூன்று கல் அடுப்பு, மேலே கரி பிடித்த தவலை. வசதி உள்ளவர்கள் வீட்டில் நடுவில் குழாய் வைத்த செம்பு பாய்லர். அந்தக் குழாயில் கரி போட்டால் சுற்றியுள்ள தண்ணீர் சூடாகும். தினமும் எல்லோரும் வெந்நீரில் குளித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குக் கிணறும் குளமும்தான். வெந்நீர் என்பது தீபாவளி விடியற்காலைக்கு, எண்ணெய் தேய்க்கும் நாளுக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, காய்ச்சல்காரருக்கு.

ஆனால் நகரம் பெருகப் பெருக, விறகு தேவை எகிறியது. சென்னைப் பட்டணத்தின் அடுப்புகளுக்கு விறகு எங்கிருந்து போனது? பெரும் பங்கு வடக்கிலிருந்து. ஸ்ரீஹரிகோட்டா தீவின் காடுகள் ராக்கெட்டுக்கு முன்னால் விறகுக்குத்தான் பேர் பெற்றவை. அங்கிருந்து பழவேற்காடு ஏரி வழியாக, பக்கிங்காம் கால்வாயில் படகு படகாக விறகு பட்டணம் போனது.

அந்தக் கால்வாய்க்கும் ஒரு கதை உண்டு. 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே காக்ரேன் கால்வாய் என்ற பெயரில் தொடங்கியது. பிறகு வடக்கே நீண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பஞ்சம் பிழைக்க வந்த மக்களைக் கொண்டு நிவாரண வேலையாக இன்னும் தோண்டினார்கள். 1878-ல் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள். பசித்த மனிதர்கள் தோண்டிய வாய்க்காலில்தான் பட்டணத்துக்கு விறகு போனது.

19-ம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கும் விறகு தேவைப்பட்டதால், கடற்கரை மணலில் சவுக்கை நட்டார்கள். பொன்னேரி, பழவேற்காடு பக்கம் போகிறவர்களுக்குச் சவுக்குத் தோப்புகள் புதிதல்ல. ஆக, மின்சாரத்துக்கு முன்பே நம் வட்டாரத்தின் வேலை ஒன்று முடிவாகிவிட்டது: பட்டணத்துக்கு எரிபொருள் அனுப்புவது.

டிராம் கொண்டு வந்த கரண்ட்

சென்னைக்கு மின்சாரம் வீட்டு உபயோகத்துக்காக வரவில்லை. 1895-ல் இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் சென்னையில் ஓடியது. குதிரையும் இல்லாமல், நீராவியும் இல்லாமல் வண்டி ஓடுகிறது என்று ஜனங்கள் வேடிக்கை பார்த்த காலம். அதற்குப் பின் பேசின்பிரிட்ஜ் மின் நிலையம், மதராஸ் மின்சார விநியோகக் கம்பெனி, பணக்காரர் வீட்டு விளக்குகள். அந்த டிராம் 1953-ல் நின்றுபோனது. மின்சாரக் கம்பெனியை 1947-லேயே அரசு எடுத்துக் கொண்டுவிட்டது.

சென்னை மாகாண அரசு மின்சாரத்துக்கென்று தனித் துறை தொடங்கியது 1927-ல். 1932-ல் நீலகிரியில் பைக்காரா. தொடக்கத்தில் அதன் திறன் ஏறக்குறைய 20 மெகாவாட். இன்று 2 கிலோவாட் கீசர் பத்தாயிரம் ஒன்றாகப் போட்டால் அவ்வளவும் தீர்ந்துவிடும். ஆனால் அந்த 20 மெகாவாட்தான் கோயம்புத்தூரைப் பஞ்சாலை நகரமாக்கியது. பிறகு 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம்.

1957 ஜூலை 1-ல் தமிழ்நாடு மின்சார வாரியம் பிறந்தது. அப்போது மாநிலத்தின் மொத்தத் திறனே சுமார் 250 மெகாவாட். நம் கீசர் கணக்கில் ஒன்றேகால் லட்சம் கீசர். இன்று ஒரு நடுத்தர நகரத்தின் காலைக் குளியல்!

அடுத்த இருபது ஆண்டுகளில் நடந்தது பெரிய காரியம். காமராஜர் முதல்வராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தில் கம்பம் நடும் வேலை கிராமம் கிராமமாகப் போனது. கனடா உதவியோடு குந்தா வந்தது. 1962-ல் நெய்வேலி நிலக்கரி மின்சாரம் வந்தது. அந்தக் கம்பங்கள் முக்கியமாகப் போனது கிணற்று மோட்டாருக்கு. பின்னாளில் குடிசைகளுக்கு ஒரு பல்பு இலவசம் என்ற திட்டம் வந்தபோது அதன் அளவு 40 வாட். ஒரு 2 கிலோவாட் கீசர் ஓடினால் ஐம்பது குடிசை பல்புகள் எரிவதற்குச் சமம். சமூகத்தில் யார் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

விறகுக்குப் பதில் மின்கம்பி

1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம் தொடங்கியது. படிப்படியாக 450 மெகாவாட். 1994-லிருந்து 1996-க்குள் அத்திப்பட்டு புதுநகரில் வட சென்னை அனல் மின் நிலையம், மூன்று யூனிட்டுகளில் 630 மெகாவாட். பெயரில் சென்னை இருந்தாலும் அது இருப்பது பொன்னேரி பக்கத்தில். பின்னர் வல்லூரில் மத்திய, மாநில நிறுவனங்களின் கூட்டு முயற்சியாக 1,500 மெகாவாட். வட சென்னை இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட். 2024 மார்ச்சில் மூன்றாம் கட்டத்தின் 800 மெகாவாட் யூனிட் தொடங்கி வைக்கப்பட்டது. பழைய எண்ணூர் நிலையம் 2017 மார்ச்சோடு மூடப்பட்டது.

கவனித்தீர்களா? அன்று கால்வாயில் படகில் போன எரிபொருள், இன்று கோபுரத்தில் கம்பியில் போகிறது. திசை மாறவில்லை.

இதற்கிடையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளர்ந்தது. இரும்புக் கழிவை உருக்கும் மின் உலைகளும் ரோலிங் மில்களும் அங்கே நிறைய. ஒரு டன் கழிவை உருக்க 500 யூனிட்டுக்கு மேல் வேண்டும். நம் கணக்கில் 1,400 பக்கெட் வெந்நீர். அந்த உலை அருகே ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளி புதுவாயல், கவரைப்பேட்டை பக்கத்து வாடகை அறையில் இரும்புத் தூளும் வியர்வையும் போகக் குளிக்க வேண்டும். வெந்நீர் ஆடம்பரம் என்று சொல்பவர்கள் இந்த ஆளை நினைத்துக் கொள்ள வேண்டும். அவருக்குக் கீசர் இல்லை. கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ராடுதான்.

அந்த ராடைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.எஸ். 368 என்ற இந்தியத் தர விதி அதற்கென்றே உண்டு. ஆனால் முத்திரை இல்லாத ராடுகளும் விற்கத்தான் செய்கின்றன. எர்த் இல்லாத பிளக், இரும்பு பக்கெட், சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் மூன்றும் சேர்ந்தால் உயிரே போகும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதற்குப் பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். மீட்டர் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அணைந்துவிடும் பிரேக்கர் போட்டால் இன்னும் பாதுகாப்பு. வாடகை வீட்டுக்காரர்கள் இதைச் செய்து கொடுத்தால் புண்ணியம்.

கரண்ட் இல்லாத ஆண்டுகள்

2008-ல் தமிழ்நாடு மின்வெட்டுக் காலத்துக்குள் நுழைந்தது. அந்த ஆண்டின் இறுதியில் எச்.டி. இணைப்பு பெற்ற ஆலைகளுக்கு 40 சதவீதம் வெட்டு. மாலை 6 முதல் 10 மணி வரை தனிக் கட்டுப்பாடு. 2011 சட்டமன்றத் தேர்தலில் மின்வெட்டு பெரிய பிரச்சினையாகி ஆட்சி மாறியது. ஆட்சி மாறியும் இருள் மாறவில்லை. 2012-ல் தேவை ஏறக்குறைய 12,000 மெகாவாட். பற்றாக்குறை 4,000 வரை போனது.

அந்தப் பற்றாக்குறையை எப்படிப் பகிர்ந்தார்கள் என்பதுதான் முக்கியம். 2012 பிப்ரவரி இறுதியில் சென்னைக்கு 2 மணி நேர வெட்டு. மற்ற இடங்களுக்கு அறிவிப்பில் 4 மணி நேரம். நடைமுறையில் 8, 10 மணி. அந்த ஆண்டு அக்டோபர், நவம்பரில் பல மாவட்டங்களில் 12 மணி நேரத்தையும் தாண்டியது. கோயம்புத்தூர், திருப்பூரில் சிறு பட்டறைகள் படுத்துவிட்டன. மின் உலை வைத்தவர்களின் நிலை கேட்கவே வேண்டாம். உருகிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இரும்பு உலைக்குள்ளேயே உறைந்துவிடும்.

அப்போது நான் சின்னப் பிள்ளை. வீட்டில் கரண்ட் வந்ததும் மூன்று வேலை ஒன்றாக நடக்கும்: மோட்டார் போடுவது, மிக்ஸியில் அரைப்பது, ராடு போடுவது. இதில் ஒரு வேடிக்கையான பாடம் இருக்கிறது. ஊர் முழுக்கக் கரண்டுக்காகக் காத்திருந்தால், அது வந்த நிமிடத்தில் எல்லோரும் ஒன்றாக இழுப்பார்கள், வோல்டேஜ் படுக்கும், ஃபியூஸ் போகும், மறுபடி இருட்டு. வெட்டினால் தேவை மறைந்துவிடுவதில்லை, இன்னொரு மணி நேரத்தில் குவிந்து நிற்கிறது.

காரணங்கள் பல. கட்டிக் கொண்டிருந்த அனல் நிலையங்கள் தாமதமாயின. காற்றாலை மே முதல் செப்டம்பர் வரை கொட்டிக் கொடுக்கும், பிறகு கை விரித்துவிடும். தென்னிந்திய மின் கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு முழுமையாக இணையாமல் இருந்ததால், வடக்கே உபரி இருந்தும் வாங்க வழி குறைவு. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை அந்த இணைப்பைக் கொடுத்தது. வல்லூரும் வட சென்னை இரண்டாம் கட்டமும் வேலை செய்யத் தொடங்கின. ஆலைகள் மீதான கட்டுப்பாடுகள் 2015-ல் முழுவதும் விலகின. 2024 மே 2-ல் மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதைச் சமாளிக்கவும் முடிந்தது.

பிரேசிலில் நடந்தது

மின்சார ஷவருக்குத் தாய்வீடு பிரேசில். 1930-களிலிருந்து அங்கே வளர்ந்த சாதனம் அது. இன்றும் கோடிக்கணக்கான வீடுகளில் 5,500 வாட் அளவில் குளியலறையில் தொங்குகிறது. விலை மலிவு, மாட்டுவது சுலபம். ஆனால் வேலை முடிந்து வந்த ஊர் முழுவதும் மாலை 6 மணிக்குமேல் குளிக்கும்போது தேவை மலைபோல் எழும்பும். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்காகவே மின் நிலையங்களும் கம்பிகளும் கட்டி வைக்க வேண்டியிருக்கிறது.

2001-ல் அங்கே மழை பொய்த்து அணைகள் வற்றின. அந்த நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் நீர் மின்சாரம். அரசு என்ன செய்தது தெரியுமா? மணிக்கணக்கில் வெட்டவில்லை. ஒவ்வொரு வீடும் முந்தைய ஆண்டைவிட 20 சதவீதம் குறைக்க வேண்டும், குறைத்தால் பரிசு, மீறினால் அபராதம் என்று சொன்னது. ஏற்கனவே மிகக் குறைவாகச் செலவழிக்கும் ஏழை வீடுகளுக்கு விலக்கு. ஜூன் 2001 முதல் பிப்ரவரி 2002 வரை அது நீடித்தது. மக்கள் பல்பை மாற்றினார்கள், ஷவர் நேரத்தைக் குறைத்தார்கள். ஒரு பற்றாக்குறையை ஊர் பார்த்துப் பிரிப்பதற்கும், உபயோகம் பார்த்துப் பிரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். 2012-ல் 40 வாட் பல்பு மட்டும் வைத்திருந்த கிராமத்து வீட்டுக்கு 10 மணி நேரம் இருட்டு. இரண்டு கீசர் வைத்த பட்டணத்து வீட்டுக்கு 2 மணி நேரம். இதை நியாயம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு பக்கெட்டுக்கு எவ்வளவு சாம்பல்?

கடைசியாக ஒரு கணக்கு. நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறக்குறைய 700 கிராம் எரிக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். வழியில் ஆகும் இழப்பையும் சேர்த்தால், அனல் மின்சாரத்தில் காயும் ஒரு பக்கெட் வெந்நீருக்கு 100 கிராம் அளவுக்குச் சாம்பல் விழும். அந்தக் காலத்தில் தவலை அடுப்புச் சாம்பலை நம் பாட்டிமார் பாத்திரம் தேய்க்க எடுத்துக் கொள்வார்கள். இப்போது அது நம் கண்ணில் படுவதில்லை. செப்பாக்கம் கிராமத்தை ஒட்டிய சாம்பல் குளத்தில் கிடக்கிறது. குழாய் உடைந்தால் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் கலக்கிறது. இறால் பிடிக்கும் காட்டுக்குப்பம் மீனவர்கள் பல ஆண்டுகளாக இதற்காகப் போராடி வருகிறார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது.

அப்படியானால் எல்லோரும் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டுமா? இல்லை. வெந்நீர் காய்ச்சுவதற்கு நம் தலைக்கு மேலேயே ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வெயில் இருக்கிறது. பெங்களூரில் 2007-க்குப் பிறகு புதுக் கட்டடங்களுக்குச் சூரிய வெந்நீர்க் கலன் கட்டாயம் என்று ஆக்கினார்கள். இன்று அந்த ஊர் மொட்டை மாடிகளைப் பார்த்தாலே தெரியும். தமிழ்நாடு 2012-ல் சூரிய சக்திக் கொள்கையை வெளியிட்டது. சொந்த மாடி உள்ளவர்களுக்கு அது நல்ல வழி. வாடகை அறைத் தொழிலாளிக்கு மாடி கிடையாது. அவருக்கு வேண்டியது எர்த் உள்ள ஒரு பவர் பிளக்கும் நல்ல ராடும். கீசர் வைத்திருப்பவர்கள் குளிக்கும் முன் கால் மணி நேரம் போட்டு அணைத்தால் போதும். இரவு முழுக்கச் சிவப்பு விளக்கு எரிய வேண்டியதில்லை. ஆலைகளுக்குப் பல ஆண்டுகளாகக் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 மணி வரை 20 சதவீதம் கூடுதல் கட்டணம் வாங்கினார்கள். அந்தக் காலை மூன்று மணி நேரம் நாம் எல்லோரும் குளிக்கும் நேரமும்தான் என்பதை நினைவில் வைத்தால் நல்லது.

உங்கள் வீட்டில் வெந்நீருக்கு மாதம் எத்தனை யூனிட் போகிறது? பில்லைப் பார்க்க வேண்டாம், பக்கெட்டை எண்ணி 0.35-ஆல் பெருக்கிப் பாருங்கள்.